ஓதம்

அடுத்த கோடையில்
ஏதோ ஒரு குளிர்தேசத்துக் கடற்கரையில்
என்ன நிறம் உடுத்துவார்களோ
அந்த நிறம்
இந்த மாசியிலேயே தொங்குகிறது
போயம்பாளையம் லைன் வீட்டில்
என் ஜன்னலில்.

கட்டிங் மேசையில்
கழுத்து வெட்டி விழுந்த பிறைகள் அவை.
கிலோ இருபத்தெட்டு என்றான்
வேஸ்ட் கடை ராக்கியப்பன்.
சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி
கையகலத்துக்கு மேலுள்ளதை மட்டும் எடுத்தேன்.
"இப்பிடிப் பொறுக்குனீங்கன்னா
எனக்கென்னுங் மிஞ்சும்?"
"பொறுக்காம வாங்குனா
எனக்கென்ன மிஞ்சும்?"
இருபத்திரண்டுக்கு முடிந்தது.

ஓவர்லாக் அடிப்பது என் சோலி.
பகலெல்லாம்
பார்க்காத ஆட்களின் தோள்களை மூட்டுகிறேன்.
ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து
கையூசியில் ஒட்டுப்போடும்போது
தையல் மெதுவாகப் போகிறது,
செருப்பைக் கழற்றிவிட்டு
நடப்பதுபோல.

நூல் தீர்ந்த அட்டைக் கோன்கள் நான்கு
கம்பெனிக் குப்பையில் கிடந்தன.
கோணி ஊசியைக் காய்ச்சி
ஓட்டை போட்டார் வீட்டுக்காரர்.
சாயப் பட்டறைக்கு டெம்போ ஓட்டுகிற கை;
ஒரு ஓட்டைக்கும் அடுத்ததற்கும்
கணக்கே இல்லை.
உள்ளே பல்பை மாட்டி சுவிட்சைத் தட்டினால்
வீடு முழுக்க அம்மை.
சிரித்த சிரிப்பில்
அடுப்பில் வைத்த பருப்பு பிடித்துவிட்டது.

பக்கத்துப் போர்ஷன் மினோத்தி, ஒடிசாக்காரி,
அரிசிமாவைக் கரைத்து
என் கதவோரம் விரலாலேயே
ஒரு நெற்கதிர் ஏற்றிவிட்டாள்.
காசு வேண்டாமாம்.
பனியன் கீற்றை முறுக்கி
ஒரு கால்மிதி பின்னிக் கொடுத்தேன்,
எனக்கும் ஒன்று.
நடுவில் எக்ஸெல் லேபிள்,
பெரிய காலுக்கும் ஆகும் என்று.

மேற்குச் சுவரில் ஓதம்.
ஐப்பசியில் ஒரு ரூபாய் அகலம்,
தையில் ஒரு தோசை.
நாற்பத்தொரு துண்டு சேர்த்துத் தைத்த
பெரிய தொங்கலை
அதற்கு மேல்தான் மாட்டினேன்.
பார்ப்பவர்களுக்குச் சுவர் தெரியாது.
மறைத்ததை
நானும் மறந்துபோனேன்.

மாதம் பிறந்த ஞாயிற்றுக்கிழமை
வாடகைக்கு வந்தார் கிட்டுசாமியண்ணன்.
வந்தவர் உட்காரவில்லை.
ஜன்னலைப் பார்த்தார்,
கோனைப் பார்த்தார்,
தொங்கலைத் தடவினார்.
"ஊடு லட்சணமா ஆகிப்போச்சுங்கம்மணி.
இந்த மாசத்துல இருந்து
ஐந்நூறு சேத்துக் குடுத்துருங்க."

வாய்க்கு வந்ததை விழுங்கிவிட்டு
முக்காலியில் ஏறினேன்.
இரண்டு ஆணியிலிருந்தும்
தொங்கலை இறக்கினேன்.

தோசை இல்லை இப்போது;
ஒரு ஆள்
உட்கார்ந்து எழுந்த அகலம்.
துணியின் முதுகிலும்
அதே படம்,
காசு கொடுக்காமல் அடித்த பிரிண்ட்.
அவரைவிட எனக்குத்தான்
திக்கென்றது.

நகத்தால் சுரண்டினார்.
காரை பொலபொலவென்று
அவர் வேட்டியிலேயே கொட்டியது.
"பழைய வாடகையே இருக்கட்டும்.
பூசறதப் பத்திப்
பொறவு பழமை பேசிக்கலாம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது
கால்மிதியைக் குனிந்து பார்த்தார்.
"இது நல்லாருக்குதே, என்ன வெலைங்கம்மணி?"

"ஐந்நூறுங்க."

ராத்திரி
தொங்கலை அலசிக் கொடியில் போட்டேன்.
நிறம் போகவில்லை,
ஏற்றுமதிச் சாயம்.
சுவர் கொஞ்ச நாள்
காத்து வாங்கட்டும் என்றார் வீட்டுக்காரர்.
மிஞ்சிய ஐந்நூறுக்கு
இருபத்திரண்டு கிலோ வேஸ்ட்டும் சொச்சமும் வரும்
என்று சொல்லிப் பார்த்தேன்.

பாயை உதறிக்கொண்டிருந்தவர்
நிறுத்தினார்.
"அதையும் ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டா
நாம எங்க படுக்கறது?"